யார் கையில் ஊசி?

தன் உடம்பில் ஒரு குறியைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஆளைத் தமிழ் இலக்கியத்தில் தேடிப் போனால், எங்கள் ஊரில் வந்து நிற்க வேண்டியிருக்கும். கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றை ஒட்டிய பெண்ணாடம். தேவாரத்தில் இந்த ஊர்க் கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்று பெயர். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசர் திருவதிகையிலிருந்து புறப்பட்டு இங்கே வருகிறார். வேறு சமயத்தில் கழிந்த உடம்பு இது, இதன்மேல் உன் சூலத்தையும் இடபத்தையும் பொறித்தால்தான் இதைச் சுமந்துகொண்டு வாழ்வேன் என்று இறைவனிடம் மன்றாடுகிறார். சிவபூதம் ஒன்று வந்து, மற்றவர் கண்ணில் படாமல், அவர் தோளில் இரண்டு குறிகளையும் பொறித்துவிட்டுப் போகிறது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவரின் கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இப்படிச் சொல்கிறார். இந்த நாவுக்கரசரின் நெற்றிக்குத் திருநீறு தந்து அவரைத் திருப்பி அழைத்து வந்தவர் தமக்கை திலகவதியார். அந்த முதல் குறியை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

அதே பெரியபுராணத்தில் பெண்ணாடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. கலிக்கம்ப நாயனார் இந்த ஊர் வணிகர். அடியார்களின் காலைக் கழுவி அமுது படைப்பது அவர் வழக்கம். ஒருநாள் வந்த அடியார்களில் ஒருவர், முன்பு அந்த வீட்டில் ஏவல் செய்துவிட்டுப் போனவர். நீர் வார்க்க வேண்டிய மனைவி ஆளை அடையாளம் கண்டு சற்றே தயங்குகிறார். நாயனார் கரகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அந்தக் கையை வெட்டுகிறார். பிறகு தானே நீர் வார்த்துச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கிறார். ஏவல் செய்தவரின் காலைக் கழுவத் தயங்கியதில் இருந்த எசமானத்தனத்தை நான் நியாயப்படுத்த வரவில்லை. வெட்டியவர் 63 பேரில் ஒருவராகக் கோயில் பிராகாரத்தில் நிற்கிறார், கையை இழந்தவருக்குப் பெயர்கூடக் கிடையாது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஒரே ஊர், ஒரே நூல். ஆணின் தோளில் அவர் கேட்ட குறி, பெண்ணின் கையில் அவள் கேட்காத வெட்டு. என் மாணவிகள் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இந்த இரண்டு கதைகளுக்கு நடுவில் வைத்துத்தான் என்னால் யோசிக்க முடிகிறது. "சென்னையில பச்சை குத்திக்க நல்ல ஆள் யாரு மேடம்? எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி புக் பண்றது?" கடை விலாசம் கேட்கிற கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணின் தோலில் யார் எழுதலாம், யார் சொல்லி எழுதலாம், எழுதும்போது நிறுத்தச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

இலச்சினையும் உடைமையும்

சங்கப் பாடல்களில் பெண்ணுடம்பில் எழுதப்படுவது தொய்யில். தோளிலும் மார்பிலும் குழம்பால் வரையும் கோலம் அது. தலைவனே எழுதுவதாகவும் வரும். குளித்தால் போய்விடும். ஆணுடம்பில் நிலைத்து நிற்கும் குறிக்கு வேறு பெயர்: விழுப்புண். அந்தப் புண் படாத நாளை வீண்நாளாகக் கணக்கிடும் வீரனை வள்ளுவர் படைச்செருக்கில் காட்டுகிறார். அவனுக்கு வடு பெருமை, அவளுக்குக் கோலம் அலங்காரம். இந்தப் பிரிவினையை நாம் இலக்கிய அழகாகவே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

பெண்ணின் தோலில் அழியாத குறி வரும்போது அது பெரும்பாலும் உடைமைக் குறியாகவே வருகிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு உரிய தேவரடியார் பெண்களுக்குச் சூல இலச்சினை பொறிக்கும் வழக்கம் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் காளத்திக் கல்வெட்டு ஒன்றில் ஒரு விசித்திரமான வழக்கு. கோயிலைச் சேர்ந்த சில தேவரடியார்களுக்கு அரண்மனை ஆட்கள் அரச இலச்சினையைப் பொறித்துவிட்டார்கள். முறையீடு அரசனிடம் போகிறது. அரச இலச்சினையை அழித்துவிட்டுச் சூலத்தைப் பொறிக்கும்படி ஆணை வருகிறது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் இடையிலான கணக்கு நேராகிவிட்டது. தோலில் ஏறிவிட்ட ஒன்றை எப்படி அழித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நாவுக்கரசர் தோளில் ஏறியதும் இதே சூலம்தான். அவர் விண்ணப்பம் போட்டார். இந்தப் பெண்கள்மேல் இரண்டு தரப்பு விண்ணப்பம் போட்டது.

கம்பெனி ஆட்சி இந்த வேலையைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை வங்காளத்தில் 1797இல் விதிமுறையானது. 1802இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1849இல்தான் கைவிடப்பட்டது. தலைப்பாகையை இறக்கிக் கட்டியும் முடியை நெற்றியில் விட்டும் கைதிகள் அதை மறைத்துக்கொண்டார்கள் என்று, காலனியக் காலத்துக் கைதிகளின் உடல்களைப் பற்றி ஆராய்ந்த கிளேர் ஆண்டர்சன் எழுதுகிறார்.

நெற்றியில் எழுதுவதை விட்ட அரசு, ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததைப் படிக்கத் தொடங்கியது. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் முதல் கப்பல் அதுதான். அந்தக் கப்பல்களின் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு அங்க அடையாளத்துக்கும் ஓர் இடம் இருந்தது. தழும்பும் மச்சமும் பச்சையும் அங்கே ஆளைப் பிடிப்பதற்கான தகவல்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தி ஆசையாகக் குத்திக்கொண்ட கோலம், கடல் தாண்டும்போது அவள் ஓடிப்போனால் தேடுவதற்கான குறிப்பாக மாறிவிட்டது.

திண்ணைக்கு வந்த கை

கோயிலும் அரண்மனையும் குமாஸ்தாவும் இல்லாத இடத்திலும் பச்சை இருந்தது. குத்தியவள் ஒரு பெண், குத்திக்கொண்டவள் ஒரு பெண். எங்கள் பக்கத்துக் கிழவிகளிடம் "யாரு பாட்டி குத்துனா?" என்று கேட்டால் பதில் ஒன்றேதான்: "குறத்தி வருவா, குத்துவா." ஆளைத் தேட வேண்டியதில்லை, முன்பதிவு இல்லை. அறுப்பு முடிந்து வீட்டில் நெல் இருக்கும் நாளில் தெருவில் அவள் குரல் கேட்கும்.

அவள் தொழில்நுட்பத்தை எழுதி வைத்திருப்பவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டவர், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். அந்த அளவுகள் இன்று குப்பை. ஆனால் பச்சை மை செய்யும் முறை பற்றி அவர் எழுதி வைத்த குறிப்பு நமக்குத் தேவை. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைக்க வேண்டும். மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்ட வேண்டும். ஆமணக்கெண்ணெய் விளக்கில் திரியை எரித்து மேலே புதுச் சட்டியைக் கவிழ்க்க வேண்டும். சட்டிக்குள் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினால் கருவி.

இந்தப் பட்டியலில் கடையில் வாங்க வேண்டியது ஊசி மட்டும்தான். மற்றதெல்லாம் அடுப்படியிலும் கொல்லையிலும் பெண்ணின் உடம்பிலும் கிடைப்பவை. கண்மை கூட்டத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் பாதிச் செய்முறை ஏற்கெனவே தெரியும். கரியை வைத்துக் குத்தியதற்குப் பச்சை என்று பெயர் வந்ததும் தோலின் வேலைதான். மேல்தோலுக்குக் கீழே போய்த் தங்கிய கரி, மாநிறத் தோல் வழியே பார்க்கும்போது பச்சையும் நீலமுமாகத் தெரியும். அது ஏன் அழிவதில்லை என்பதற்கு 2018இல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்து ஒரு விடை சொன்னார்கள். தோலில் உள்ள விழுங்கு செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த செல் சாகும்போது மையை விட்டுவிடுகிறது, அதன் இடத்துக்கு வரும் புதிய செல் அதை எடுத்து விழுங்குகிறது. ஒன்று விட்டதை அடுத்தது வாங்கிக்கொள்வதால்தான் கோலம் அதே இடத்தில் நிற்கிறது.

கூலியையும் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா, சிக்கலான கோலத்துக்குப் பன்னிரண்டணா வரை. உள்ளூர்களில் காசுக்குப் பதில் அரிசி. காலணாவுக்கும் பன்னிரண்டணாவுக்கும் இடையே 48 மடங்கு. குறத்தியின் கைக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது, வேலையின் நுணுக்கத்துக்கு ஏற்ப அது ஏறியது என்பது இதிலிருந்து தெரிகிறது. அதைப் பிழைப்புக்காகச் செய்த சில்லறை வேலை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். புள்ளிக் கோலம், தேள், மீன், பறவை, பூ என்று அவளிடம் உருக்கள் இருந்தன. வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் பாடினாள். வாசலில் தினமும் அழிந்து தினமும் போடப்படும் கோலம், அவள் கையில் அழியாமல் ஏறியது. நகை அடகுக்குப் போகும், புடவை கிழியும், இது மட்டும் சுடுகாடு வரை கூட வரும் என்று எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்வது ஒரு சொத்துக் கணக்கு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவள் தன் கணக்கில் வைத்துக்கொண்ட ஒரே பட்டா அது.

இதைப் பொற்காலமாக்கவும் முடியாது. குத்தியபோது பலர் சிறுமிகள். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி குத்தினாள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் குத்திய அதே ஊசி இவளுக்கும் வந்தது. புண் சீழ் பிடித்ததும் உண்டு. புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாத பெண், அதைக் கையில் சுமக்கலாம் என்ற விதியும் இருந்தது. அவன் செத்த பிறகு பூவும் பொட்டும் போயின, பேர் மட்டும் கையிலேயே இருந்தது. குத்துகிறவளோ வீட்டுக்குள் அழைக்கப்படாதவள். அவள் கை தன் தோலைத் துளைக்கலாம், தன் வீட்டுச் செம்பைத் தொடக் கூடாது என்பது சாதியின் கணக்கு. ஆனாலும் இரண்டு பெண்கள் ஒரு மணி நேரம் கையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆண்களுக்கு வேலை இருக்கவில்லை.

கைரேகைச் சட்டம்

குறத்தி எங்கே போனாள்? நாகரிகம் வந்தது, பச்சை பழசானது, அவளும் போய்விட்டாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நடந்தது அதற்கும் மேல்.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலுக்கு வந்தது. குறவர்களில் பல பிரிவுகள் பட்டியலில் ஏறின. காவல் நிலையத்தில் பதிவு, ரேகை வைத்தல், வருகை சொல்லுதல், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு. தமிழில் மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஊரார் கைரேகையைப் பார்த்துக் குறி சொன்னவளின் கைரேகையை அரசு எடுத்து வைத்துக்கொண்டது. கூடையும் உப்பும் ஊசியும் சுமந்து ஊர் ஊராக நடந்தால்தான் அவளுக்குத் தொழில். நடப்பதே குற்றத்துக்கான சந்தேகம் ஆனபோது தொழிலின் கால் முறிந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. காவல் நிலையத்தின் பழக்கம் நீங்கவில்லை. பெண்ணாடத்தை அடுத்த விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் முதனை என்ற ஊர். 1993இல் அங்கே குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்டார். மனைவி பார்வதி விடாமல் போராடிய அந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2006இல். 2021இல் 'ஜெய் பீம்' வந்த பிறகுதான் பலர் அந்த ஊர்ப் பெயரையே கேட்டார்கள்.

நம் இலக்கியத்துக்குக் குறத்தி வேண்டியவள். குற்றாலக் குறவஞ்சியை வகுப்பில் நடத்துகிறோம், ஆண்டு விழாவில் குறத்தி வேடம் போட்டு ஆடுகிறோம். மேடைக் குறத்திக்குக் கைதட்டல், தெருக் குறத்திக்கு வாசல்படியில் சந்தேகப் பார்வை.

பிலிப்பைன்ஸின் கலிங்கா மலைப் பகுதியில் வாங்-ஓட் என்ற பெண் இருக்கிறார். 1917இல் பிறந்தவர். முள்ளையும் கரியையும் கொண்டு கையால் தட்டிப் பச்சை குத்துபவர். 2023 ஏப்ரலில், 106 வயதில், அந்நாட்டு 'வோக்' இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. தன் பேத்தி முறைப் பெண்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து, மலை ஏறி, அவரிடம் கையை நீட்டக் காத்திருக்கிறார்கள். வாங்-ஓட் கையில் இருந்த கரியும் கூர்முனையும்தான் நம் தெருவில் நடந்தவளிடமும் இருந்தன. அவரைத் தேடி உலகம் போகிறது. இவளைத் தேடிப் போனது போலீஸ்.

பேட்டரிப் பெட்டியும் தலைவர் முகமும்

1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி மின்சாரப் பச்சைக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் மின்பேனாவைப் பார்த்துச் செய்தது அது. அந்தக் கருவியின் வாரிசு நம் திருவிழாக்களுக்கு பேட்டரிப் பெட்டியோடு வந்து சேர்ந்தது. தேர் நிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் வேல், நாகம், இதயம், எம்.ஜி.ஆர். முகம். ரீங்கரிக்கும் ஊசியோடு ஒரு ஆண். பொது இடத்தில், கூட்டத்துக்கு நடுவில், முகம் தெரியாத ஆணிடம் கையைக் கொடுத்து உட்காரப் பெண்கள் தயங்கினார்கள். உட்கார்ந்தவர்களும் முன்கையில் ஒரு பெயரோடு எழுந்துவிட்டார்கள். தொழில் ஆண்கையாகிவிட்டதோடு, கோலம் சுருங்கிப் பெயராகிவிட்டது.

பிறகு கட்சிகள் வந்தன. 1970களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். சில தலைவர்கள் மறுத்தார்கள். மறுக்க அவர்களுக்குப் பதவியும் பேரும் இருந்தன. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் 68ஆம் பிறந்தநாளையொட்டிச் சென்னை வேளச்சேரியில் அவர் முகத்தை நூற்றுக்கணக்கானோர் கையில் குத்தும் நிகழ்ச்சி நடந்தது. வலி தாங்காமல் ஒரு பெண் அழும் காணொளி அப்போது பரவியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், விசுவாசம் என்றார்கள், அடிமைத்தனம் என்றார்கள். குத்தப்படும் முகமும் பெண்ணுடையது, அழும் முகமும் பெண்ணுடையது. நிறுத்தச் சொன்னால் நிறுத்தியிருப்பார்களா என்பதுதான் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்வி. சுமார் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னால் காளத்தியில் நடந்ததும் இதுவும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இலச்சினை என்ற சொல் நினைவுக்கு வராமல் இல்லை.

நகரத்தில் ஓர் ஆளைத் தேடுதல்

இந்த வரலாற்றின் முடிவில்தான் என் மாணவி பெண்ணாடம் ஸ்டேஷனில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குகிறாள். அண்ணா நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் குளிரூட்டிய அறைகளில் டாட்டூ ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் ஆயிரம் படங்கள். இவளிடம் கேட்கத் திண்ணையும் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்களும் இல்லை. முன்பு குறத்தியைப் பற்றித் தெருவே சாட்சி சொன்னது. போன வருஷம் அவள் குத்திய கை கண்முன்னால் சோறு பிசைந்துகொண்டிருந்தது. அந்தச் சாட்சியை நகரத்தில் ஒருத்தி தானே சேகரிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஆறிய கையைப் பார். குத்தி முடித்தவுடன் எடுக்கும் படம் எல்லோருக்கும் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து எடுத்த படம் இருக்கிறதா என்று கேள். கோடு பரவியிருக்கிறதா, சிறிய எழுத்து குழம்பியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். அடுத்து, உன் நிறத்தில் உள்ள தோலில் செய்த வேலையைக் காட்டச் சொல். பல ஸ்டுடியோக்களின் படங்களில் வெளுத்த கைகளே வரிசையாக இருக்கும். கறுத்த தோலில் வெளிர் நிறங்கள் எடுபடாது, கோடுகளுக்கு இடையே இடம் விட்டு வரையத் தெரிய வேண்டும், தழும்பு தடித்து வளரும் வாய்ப்பும் அதிகம். தர்ஸ்டன் காலத்துக் குறத்திக்குத் தெரிந்த தோல் இதுதான். இன்றைய கலைஞருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

நுண்கோடு, கறுப்பு நிரப்பு, முகச் சித்திரம், பழையதை மூடும் வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. முகம் நன்றாக வரைபவர் புள்ளிக் கோலத்தில் சமச்சீரைக் கோட்டைவிடலாம். கடையின் பேரைவிட உனக்குக் குத்தப்போகும் கை யாருடையது என்பதைக் கேட்டு, அவரிடமே பேசி நாள் வாங்கு. முன்பணம் கேட்பார்கள். அது கடைசிக் கூலியில் கழியுமா, நீ வராவிட்டால் திரும்புமா, தேதி மாற்றலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள். அளவைப் பொறுத்தும் மணியைப் பொறுத்தும் விலை வைப்பவர்கள் உண்டு. எத்தனை அமர்வு, பின்னால் திருத்தம் செய்தால் தனிக் கூலியா என்பதையும் அப்போதே கேள். காகித அச்சைத் தோலில் ஒட்டிப் பார்க்கும்போது பிடிக்கவில்லை என்றால் மூன்று முறைகூட அழித்து ஒட்டச் சொல். அதற்கு முகம் சுளிப்பவரிடம் ஊசிக்கு உட்கார வேண்டாம்.

ஊசி உன் கண்முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். மை சிறு கிண்ணத்தில் உனக்கென்று ஊற்றப்பட வேண்டும், மிச்சம் கொட்டப்பட வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். மறுபடி பயன்படுத்தும் உலோகப் பாகங்கள் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கப்பட்டவையா என்று கேள். மஞ்சள் காமாலையின் பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் ஊசி வழியே வரக்கூடியவை. குத்திக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு ரத்த தானம் செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப் போடு. பதினெட்டு முடிந்ததற்கான சான்று கேட்கும் கடை நல்ல கடை.

இவை எல்லாம் எந்தக் கைபேசியிலும் கிடைக்கும் அறிவுரைகள். எல்லா இடத்திலும் சொல்லப்படாத ஒன்றுக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் கொச்சியில் ஒரு டாட்டூ கலைஞர் கைதானார். ஊசியைத் தோலில் வைத்துக்கொண்டே தன்னை வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று ஒரு இளம்பெண் சமூக ஊடகத்தில் எழுதினார். அதைப் படித்த பிறகு பல பெண்கள் தங்களுக்கும் நடந்ததென்று முன்வந்தார்கள், வழக்குகள் பதிவாயின. ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது அசைய முடியாது என்பதைத்தான் அங்கே பயன்படுத்திக்கொண்டதாகக் குற்றச்சாட்டு. ஆகவே, முதுகிலோ இடுப்பிலோ மார்பிலோ குத்துவதென்றால் கூட ஒருவரை உட்கார வைக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேள். கதவு தாழிடப்படுமா, உடம்பின் மற்ற பகுதியை மூட துணி தருவார்களா, பெண் கலைஞர் இருக்கிறாரா என்றும் கேள். இதைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நினைக்காதே. பதில் வரும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன் என்று சொல்கிறவரிடம் போ. அரைகுறையாக நின்ற கோலத்தை இன்னொருவர் முடித்துக்கொடுப்பார்.

இந்த அறைகளில் இப்போது பெண் கலைஞர்கள் கூடிவருகிறார்கள். அவர்களிடம் வருகிறவர்களில் அறுவைத் தழும்பின்மேல் கொடி படர விட வருபவர்கள் இருக்கிறார்கள். அடித்தவன் பேரை இலைக்குள் புதைக்க வருபவர்கள் இருக்கிறார்கள். பாட்டி கையில் பார்த்த தேளையே எனக்கும் போடுங்கள் என்று புகைப்படத்தோடு வருபவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வகைப் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம், கவலையும் அதிகம். அந்தத் தேள் ஸ்டுடியோ சுவரில் 'பழங்குடி டிசைன்' என்ற பேரில் ஆயிரக்கணக்கில் விலைபோகும்போது, அதை வரைந்து பழகிய குறவர் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் அந்தக் குளிரறையில் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? பயிற்சிக்குக் கட்டணம் வேண்டும், கருவி வாங்கப் பணம் வேண்டும், கடை பிடிக்க நகரத்தில் வீட்டுக்காரர் சாதி கேட்காமல் இடம் தர வேண்டும். உரு திரும்பி வந்துவிட்டது, கை திரும்பவில்லை.

அந்தக் கோலங்களுக்கு நம்மிடம் சுவடி கிடையாது. அவை எழுதப்பட்ட தோல்கள் ஒவ்வொன்றாகச் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இந்த வாரமே அவர் அனுமதியோடு கையைப் படம் எடுங்கள். என்ன உரு, உடம்பில் எந்த இடம், எந்த வயதில், யார் சொல்லி, என்ன கூலி கொடுத்து என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். வலித்ததா, வேண்டாம் என்று சொன்னீர்களா என்றும் கேளுங்கள். குத்தியவள் பேர் அவருக்கு நினைவிருந்தால், அதைத் தாளின் உச்சியில் எழுதுங்கள்.